திடீர் வருகைக்கு முன்பதிவு அவசியம்

மெல்வின் தோர்ப் அந்தச் சனிக்கிழமைக்காக எதையுமே திட்டமிடவில்லை. அதற்கு அவன் வாரம் முழுக்கப் பாடுபட வேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை சாப்பிட்டு முடித்ததும் கை தானாகப் போய் வரைபடத்தைத் திறந்தது, பார்க்காமல் மூடினான். வியாழக்கிழமை அலுவலகத்தில், டெர்வின் பள்ளத்தாக்கில் எந்த ஒயின் தோட்டம் எப்போது திறக்கும் என்று தேட ஆரம்பித்து, பாதியில் தன்னைத் தானே பிடித்துக்கொண்டு, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். ஃப்ரெஸ்னோ நகரத்துப் பள்ளிப் பேருந்துகள் எந்தத் தெருவில் எப்போது நிற்க வேண்டும் என்று வகுத்துக் கொடுப்பது அவன் வேலை. ஒரு பிள்ளை தெரு முனையில் நின்று ஷூ நாடாவைக் கட்டிக்கொள்ளும் நேரம்கூட அவன் கணக்கில் சேர்ந்திருக்கும். அப்படிப்பட்டவனை, ஒரு பகல் முழுக்க அடுத்தது என்னவென்று தெரியாமல் இருக்கச் சொன்னால் அவன் என்னதான் செய்வான்?

சொன்னது அவன் மனைவி கோரின். அலாஸ்காவில் கோடியாக் என்ற தீவில், ஓர் ஆஸ்பத்திரியின் எக்ஸ்-ரே பிரிவில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. போவதென்று முடிவு செய்துவிட்டாள். திங்கட்கிழமை காலையில் அவர்களுக்குப் போன் செய்து ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும்: ஊழியர் குடியிருப்பில் வீடு ஒருவருக்கா, இருவருக்கா. மெல்வின் வருகிறானா இல்லையா என்று அவள் கேட்ட நாளிலிருந்து அவன் பதில் சொல்லவில்லை. அட்டவணை போட்டான். கோடியாக்கில் மழை பெய்யும் நாட்கள், குளிர்காலத்தில் வெளிச்சம் இருக்கும் நேரம், கரடிகள் ஊருக்குள் வரும் மாதங்கள், பள்ளிப் பேருந்துகளின் எண்ணிக்கை.

"நான் மழையைப் பத்திக் கேக்கல, மெல். வர்றியான்னு கேட்டேன்" என்றாள் கோரின்.

இன்னும் கொஞ்சம் விவரம் வேண்டும் என்றான் அவன்.

அவள் சமையலறைக்குப் போய் ஒரே அலமாரியைத் திரும்பத் திரும்ப அடுக்கினாள். மறுநாள் காலை காப்பி குடிக்கும்போது சொன்னாள்: சனிக்கிழமை டெர்வின் பள்ளத்தாக்குக்குப் போவோம். எதையும் பதிவு செய்யக் கூடாது. எந்தத் தோட்டம் கண்ணில் படுகிறதோ அதற்குள் நுழைவோம், ஒயினைச் சுவைத்துப் பார்ப்போம், பிடித்தால் இருப்போம், பிடிக்காவிட்டால் கிளம்புவோம்.

"ஒரே ஒரு நாள், அடுத்து என்னன்னு தெரியாம என்கூட இருந்து காட்டு. முடிஞ்சா ரெண்டு பேருக்கு வீடு கேக்கிறேன். முடியலேன்னா, உன்னை இழுத்துட்டுப் போய் அங்க ஒரு பாறை மேல உக்கார வச்சு மணி பாக்க வைக்கிறது எனக்கும்தான் பாவம்."

அப்படித்தான் அக்டோபர் மாதத்து வெயிலில், திராட்சை ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து, அவர்கள் டெர்வின் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார்கள். காற்றில் புளித்த வாசனை. மெல்வின் விரல்கள் ஸ்டீயரிங் மேல் தாளம் போட்டுக்கொண்டே இருந்தன. கோரின் கால் மேல் கால் போடுவாள், எடுப்பாள், ஜன்னலை இறக்குவாள், ஏற்றுவாள். பெட்ரோல் பங்கில் வாங்கிய புரீட்டோ என்ற ரொட்டிச் சுருளை இருவரும் பாதிக்கு மேல் சாப்பிடவில்லை.

முதல் தோட்டத்தின் வாசலிலேயே ஓக் மரப் பலகையில் செதுக்கியிருந்தது: 'முன்பதிவின்றி வருவோருக்கு நல்வரவு.' கோரின் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு மெல்வினைப் பார்த்தாள். மெல்வினுக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது.

உள்ளே நுழைந்ததும் காதில் இயர்போனும் கையில் பலகைக் கணினியுமாக ஓர் இளைஞன் வந்தான். எத்தனை மணித் திடீர் வருகை என்று மரியாதையாகக் கேட்டான். நாங்கள் எதையும் பதிவு செய்யவில்லை என்றான் மெல்வின். இளைஞனுக்கு முகம் தெளிந்தது. நல்ல வேளை, பதிவு செய்தவர்கள் அந்தப் பக்கத்து வாசலுக்குப் போக வேண்டும், பதிவு செய்யாதவர்களுக்குத்தான் இது.

"பதிவு செய்யலைங்கிறதை எந்தப் பேர்ல பதிவு செஞ்சிருக்கீங்க, சார்?"

கோரின் சிரித்தாள். இளைஞன் சிரிக்கவில்லை. அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு அதே கேள்வியை அதே மரியாதையோடு மறுபடி கேட்டான்.

இரண்டாவது தோட்டத்திலும் அதுவே நடந்தது. அங்கே வரவேற்பில் இருந்த பெண்மணிக்கு அவர்கள் மேல் பரிவு வந்துவிட்டது போலிருந்தது. அவர்களை ஓரமாக அழைத்துப் போய், போன வருடம் ஒரு ஜோடி இப்படித்தான் சும்மா வந்துவிட்டார்கள் என்று, காட்டுத்தீ வந்துபோனதைச் சொல்லும் குரலில் சொன்னாள். அன்று பணியில் இருந்த பையன் இப்போது வேறு வேலை பார்க்கிறானாம். மூன்றாவது தோட்டத்தில் கதவே திறக்கவில்லை. சுவரில் இருந்த ஒலிபெருக்கி மட்டும், உங்கள் வருகை எங்களுக்கு எவ்வளவு ஆச்சரியமோ அவ்வளவு மகிழ்ச்சி, தயவுசெய்து ஊருக்குள் இருக்கும் ஒயின் வரவேற்பு மன்றத்து அலுவலகத்தில் முதலில் தெரிவித்துவிட்டு வந்து ஆச்சரியப்படுத்தவும் என்றது.

மெல்வின் ஆயுளில் முதல் தடவையாக ஒன்றுமே ஏற்பாடு செய்யாமல் வந்திருக்கிறான், ஊரே அவனை ஏற்பாடு இல்லாதவன் என்று விரட்டுகிறது. மனைவியிடம் அதைச் சொல்லிக்காட்டவும் வழியில்லை. அவள் ஏற்கெனவே காரில் ஏறி உட்கார்ந்து கதவை அடித்துச் சாத்தியிருந்தாள்.

டெர்வின் பள்ளத்தாக்கு ஒயின் வரவேற்பு மன்றம், ஒரு காலத்தில் தீயணைப்பு நிலையமாக இருந்த கட்டடத்தில் இருந்தது. காத்திருப்புக் கூடத்தில் நாலைந்து ஜோடிகள் உட்கார்ந்து கவலையில்லாமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தார்கள். சுவரில் இருந்த டிவியில், தற்செயலாக ஒரு தோட்டத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஒரு படம் ஓடியது. அதில் ஒரு பெண் காரின் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, கையை நீட்டி, வாயைத் திறந்தாள். கீழே 'வாயை இந்த அளவுக்கு மேல் திறக்க வேண்டாம்' என்று எழுத்து ஓடியது.

மன்றத்தின் இயக்குநர் பெத்தனி வால்டெக் அவர்களைத் தன் அறைக்கு அழைத்தாள். நாற்பது வயது இருக்கும். மிருதுவான குரல். அவள் பேசும்போது எதிரில் இருப்பவர் தலையாட்டுகிறாரா என்று பார்ப்பாள். ஆட்டும்வரை அடுத்த வாக்கியத்துக்குப் போகமாட்டாள்.

"முன்னெல்லாம் இங்க ஜனங்க சும்மா வந்துடுவாங்க. யாரு வர்றாங்கன்னு எங்களுக்கும் தெரியாது, என்ன கிடைக்கும்னு அவங்களுக்கும் தெரியாது. சந்தோஷமாத்தான் இருந்தாங்க, நான் மறுக்கல. ஆனா அந்தச் சந்தோஷத்தை எங்களால அளக்க முடியல. அளக்க முடியாத சந்தோஷத்தை எப்படி மேம்படுத்துறது, சொல்லுங்க?"

மெல்வின் தலையாட்டினான்.

"அதனால வர்றவங்ககிட்டயே கேட்டோம். உங்களுக்கு என்ன பிடிக்கும்னு. எதிர்பாராதது நடந்தா பிடிக்கும்னு சொன்னாங்க. என்ன பிடிக்காதுன்னு கேட்டோம். என்ன நடக்கும்னு தெரியாம இருக்கிறது பிடிக்காதுன்னு சொன்னாங்க. ரெண்டையும் நிறைவேத்துற ஒரே மன்றம் இந்தக் கலிஃபோர்னியாவிலேயே நாங்கதான். நீங்க எதிர்பாராத ஒவ்வொரு விஷயமும் ரெண்டு வாரம் முன்னாடியே உங்களுக்கு மின்னஞ்சல்ல வந்துடும்."

கோரின் தலையாட்டவில்லை. அதனால் பேச்சு அந்த இடத்தில் சற்று நேரம் நின்றது. பிறகு மெல்வின் அவளுக்கும் சேர்த்து ஆட்டினான்.

இரண்டு வாரத்துக்கு முன்பே தெரிந்துவிட்டால் அது எப்படித் திடீர் வருகை ஆகும் என்று கோரின் கேட்டாள். பெத்தனி வருத்தமாகப் புன்னகைத்தாள். எல்லாரும் முதலில் அப்படித்தான் கேட்பார்களாம். பிறகு இருவரையும் தனித்தனியே உட்காரவைத்துக் கேள்வி கேட்க வேண்டும் என்றாள். கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு பதில் சொன்னால் தற்செயல் கெட்டுவிடுமாம்.

மெல்வினிடம் ஒரே கேள்விதான். இங்கே வருவதென்று எப்போது முடிவானது? போன வாரம் என்று உள்ளதைச் சொன்னான். அப்படியானால் நீங்கள் திட்டமிட்ட விருந்தினர், அந்தப் பிரிவில் வசந்த காலம்வரை இடமில்லை என்றாள் பெத்தனி. அவன் அங்கேயே உட்கார்ந்திருக்க, கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கோரினிடம் கேட்கப் போனாள். என்ன பேசினார்கள் என்று அவனுக்குக் கேட்கவில்லை. கோரின் வெகுநேரம் பேசினாள், நடுவில் ஒரு தடவை கண்ணைத் துடைத்தாள். மெல்வின் வேறு பக்கம் பார்த்தான்.

பார்த்த பக்கத்தில் சுவர் முழுக்க அன்றைய திடீர் வருகைகளின் அட்டவணை இருந்தது. எத்தனை வண்ணங்கள், எவ்வளவு நேர்த்தியான கட்டங்கள். வேண்டாம் வேண்டாம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டே எழுந்து கிட்டே போனான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, தப்பு கண்ணில் பட்டுவிட்டது. மதியத்துக்குப் பிறகு இரண்டு குழுக்கள் ஒரு வண்டிக்கு மட்டுமே இடமுள்ள ஒரே பாதையில் எதிரும் புதிருமாக வருகின்றன. அவன் வாயைத் திறந்தான். கோரினை நினைத்தான். மூடிக்கொண்டான். பல்லுக்கிடையில் மாட்டிய நார் போல அது அவனுக்குள்ளேயே கிடந்து உறுத்தியது.

பெத்தனி திரும்பி வந்து முடிவைச் சொன்னாள். அவன் வருவானா மாட்டானா என்று இன்று காலை காரில் ஏறும்வரை தனக்குத் தெரியாது என்று கோரின் சொல்லியிருக்கிறாள். ஆகவே அவள் திடீர் விருந்தினர். அவன் திட்டமிட்டவன். கணவன் ஒரு பிரிவும் மனைவி வேறு பிரிவுமாக வருவது இதுவே முதல் முறை, அதற்கு விதி இல்லை. அதனால் ஒரு துணையாளரோடு, தற்காலிகமாக, ஒரே ஒரு தோட்டத்துக்கு மட்டும் தற்செயலாகப் போக அனுமதி.

துணையாளன் பெயர் ஜாஸ்பர். நடிப்புப் பள்ளியில் படித்தவன். பின் இருக்கையில் இருந்து அவன்தான் வழி சொன்னான். மலைச் சரிவில் ஒரு திருப்பத்துக்கு முன்னால் நிறுத்தச் சொல்லி, இனிமேல் தோட்டம் கண்ணில் படும், பட்டதும் உங்களில் ஒருவர் சொல்ல வேண்டும் என்றான்.

"அட, இங்க ஒரு தோட்டம் இருக்கே" என்றாள் கோரின், ஒட்டாத குரலில்.

இன்னும் தோட்டம் தெரியவில்லை மேடம், நீங்கள் அவசரப்படுகிறீர்கள் என்றான் ஜாஸ்பர். வண்டியைப் பின்னால் எடுத்து மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை மெல்வின் சொன்னான். பிரமாதமாக இருந்தது. ஜாஸ்பர் அவன் தோளைத் தட்டினான். மெல்வினுக்குத் தன்னை அறியாமல் ஒரு பெருமை வந்தது. பக்கத்தில் இருந்தவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோட்டத்து வாசலில் அவர்களுக்கு முன்னால் இரண்டு ஜோடிகள் ஆச்சரியப்பட வரிசையில் நின்றார்கள். முறை வந்ததும் கவுண்டரில் இருந்தவள் கையில் இருந்த துணியைக் கீழே நழுவவிட்டு, அடடா, இன்றைக்கு யாரும் வருவார்கள் என்றே நினைக்கவில்லையே என்றாள். துணியை எடுத்து அடுத்த ஜோடிக்காக மடித்து வைத்துக்கொண்டாள். ஒரு பழுப்பு நிற நாய் ஓடி வந்து கோரினின் முழங்காலில் முகத்தைத் தேய்த்தது. கோரின் குனிந்து அதன் காதைத் தடவினாள். எங்கேயோ ஒரு விசில் கேட்டது. நாய் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பி ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டது. அப்புறம் பீப்பாய் அறையிலிருந்து தோட்டத்து உரிமையாளர் எதேச்சையாக வெளியே வந்தார். கையெல்லாம் திராட்சைச் சாற்றின் ஊதா நிறம். குலுக்கினான் மெல்வின். சாயம் காய்ந்திருந்தது, ஒட்டவில்லை. உண்மையான உரிமையாளர் லண்டனில் இருக்கிறாராம். இவர் வார இறுதிக்கு மட்டும்.

பிறகு ஒயின் வந்தது. ஒரு கோழிக்குஞ்சு குடித்தாலும் தள்ளாடாத அளவுக்கு ஊற்றினார்கள். கிண்ணத்தைச் சுழற்ற வேண்டும், முகர வேண்டும், கொஞ்சம் வாயில் வைத்து, கண்ணை மூடி, பக்கத்தில் இருக்கும் வாளியில் துப்பிவிட்டு என்ன சுவை என்று சொல்ல வேண்டும். சொல்வதற்கென்று மன்றம் ஏற்றுக்கொண்ட சுவைகள் சுவரில் எழுதியிருந்தன: பழைய குதிரைச் சேணம், நனைந்த சிலேட்டு, பென்சில் சீவல், மழை விட்ட காட்டுத் தரை, மூடிய வீட்டின் நூலகம்.

கோரின் துப்பவில்லை. விழுங்கினாள். காலையிலிருந்து வயிற்றுக்குள் போன உருப்படியான பொருள் அதுவாகத்தான் இருக்கும்.

"திராட்சை" என்றாள்.

பக்கத்து மேஜையில் கண்ணை மூடிக்கொண்டிருந்த ஒருவர் திறந்து பார்த்தார். ஜாஸ்பர் தொண்டையைச் செருமி, மேடம் களைப்பாக இருக்கிறார் என்றான். கவுண்டர் பெண் ரொம்பவும் கனிவாக, திராட்சை என்று இங்கே இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை, இன்னொரு தடவை முயன்று பாருங்கள் என்றாள். கோரின் இன்னொரு வாய் குடித்துவிட்டு, நல்ல திராட்சை என்றாள்.

அடுத்து மெல்வின். அவன் சுவரைப் பார்த்தான். நாக்கில் பட்டதும் திராட்சைதான். ஆனால் அத்தனை பேர் பார்க்கிறார்கள். குதிரைச் சேணம் என்றான். பிறகு, கொஞ்சம் யோசிப்பது போல் நிறுத்தி, பென்சில் சீவலும் இருக்கிறது என்றான். கை தட்டினார்கள். அவன் குதிரைமேல் ஏறியதே இல்லை என்பது கோரினுக்குத் தெரியும். அவள் வாளியைக் காலால் மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தாள்.

அவன் பயந்தது அப்போதுதான் நடந்தது. மேலேயிருந்து இறங்கிய ஒரு குழுவும் கீழேயிருந்து ஏறிய ஒரு குழுவும் அந்தக் குறுகிய பாதையில் முட்டிக்கொண்டு நின்று, அத்தனை பேரும் இறங்கி நடந்து, ஒரே நேரத்தில் எதிர்பாராமல் வந்துவிட்டார்கள். கவுண்டர் பெண் யாரைப் பார்த்துத் துணியை நழுவவிடுவது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். விசில் ஊதியவன் இரண்டு தடவை ஊதிவிட்டான். நாய் ஓடி வந்து, பாதி வழியில் திரும்பி, மறுபடி ஓடி வந்து, கடைசியில் நடுக்கூடத்தில் உட்கார்ந்து குரைத்தது. உரிமையாளர் யாருமே இல்லாத பக்கமாக எதேச்சையாக வெளியே வந்து, காலி நாற்காலிகளிடம் இந்த மண்ணின் மகிமையைப் பேச ஆரம்பித்தார். வந்தவர்கள் கொந்தளித்தார்கள். ஒரு பெரியவர், இப்படி ஒன்று நடக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லையே என்று கத்தினார்.

பெத்தனி காரில் பறந்து வந்தாள். வந்தவளுக்கும் ஒன்றும் ஓடவில்லை. மெல்வினின் விரல்கள் மேஜைமேல் தாளம் போட்டன. நிறுத்தினான். மறுபடி போட்டன. அவன் கோரினைப் பார்க்காமல் ஒரு காகிதத் துண்டை எடுத்தான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவனுக்குப் பழகிய வேலை. முதல் குழு தோப்பு வழியாகச் சுற்றி வரட்டும், அவர்களுக்கு நாய். இரண்டாவது குழு பீப்பாய் அறைக்கு, அவர்களுக்கு உரிமையாளர். துணி நழுவுவது இரண்டுக்கும் நடுவில். பாதையில் இறங்கும் வண்டிக்குத்தான் முதல் உரிமை, ஏறும் வண்டி தோட்டத்தின் பெயர்ப்பலகை அருகே நின்று பலகையைப் பார்த்து வியக்கலாம். சொல்லச் சொல்ல எல்லாரும் அவன் காட்டிய பக்கம் ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் கூடம் முழுக்க ஆச்சரியக் குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் சீராகக் கேட்க ஆரம்பித்தன. மெல்வின் நிமிர்ந்தான். முகம் வெளிச்சம் போட்டது போல் இருந்தது.

பெத்தனி அவன் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். மன்றத்தில் ஒரு பதவி வெகு நாளாகக் காலியாக இருக்கிறதாம்: திடீர் நிகழ்வுகளின் தலைமைத் திட்டமிடுநர். தோட்டத்துக்கு நடுவில் வீடு உண்டு. இருவர் தாராளமாக இருக்கலாம்.

"நீங்க பண்ணதைப் பாத்தேன், சார். போன வருஷம் ஒரு தம்பதி இங்க வந்து தொலைஞ்சு போயிட்டாங்க. கொடிகளுக்கு நடுவுல சும்மா சுத்திட்டு, யாரோ குடுத்த ரொட்டியைச் சாப்பிட்டுட்டு, வாழ்க்கையிலேயே நல்ல நாள்னு எழுதி வச்சுட்டுப் போனாங்க. அந்த நாள்ல எங்க பங்கு ஒண்ணுமே இல்ல. நான் அழுதுட்டேன். உங்களை மாதிரி ஒருத்தர் இருந்தா அப்படி ஒண்ணு இனிமே நடக்கவே நடக்காது."

மெல்வின் தலையாட்டினான். ஆட்டிய பிறகுதான் எதற்கு ஆட்டினோம் என்று உறைத்தது. கோரினைத் தேடினான். அவள் கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். நாய்க்கு அது எந்த நேரக் கணக்கிலும் வராத தடவல் போலும். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது.

பதவியைப் பற்றி அவன் சொல்லி முடிப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள். "கேட்டுச்சு. இந்த மூணு வாரத்துல இன்னிக்குத்தான் உன் முகம் மலர்ந்து பாக்கிறேன். நீ இங்கேயே இரு, மெல். திங்கக்கிழமை நான் ஒருத்தருக்குன்னு சொல்லிடறேன். கோவத்துல சொல்லல. நிஜமாவே நீ சந்தோஷமா இருக்கே."

எழுந்து பாவாடையில் ஒட்டியிருந்த நாய் முடியைத் தட்டிவிட்டுக்கொண்டு வெளியேறும் வழியை நோக்கி நடந்தாள். பின்னால் பெத்தனி, வேலையில் எப்போது சேர்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மெல்வின் காகிதத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அதில் எல்லாம் சரியாக இருந்தது. யார் எங்கே, எப்போது, எந்த வழியாக. தோப்பு இருந்தது, நாய் இருந்தது. அவள் நடந்து போகும் பாதை மட்டும் அதில் இல்லை.

அவன் ஓடினான்.

வெளியேறும் வழியிலும் ஒரு கவுண்டர் இருந்தது. அங்கே மரிசோல் என்று சட்டையில் பெயர் தைத்த ஓர் இளம்பெண், கோரினை ஒயின் கிளப்பில் சேரச் சொல்லிவிட்டு, சேராமல் போவதற்கான காரணத்தைக் கேட்டு, அந்தக் காரணத்துக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த கேள்விக்கு வந்தாள்.

"இங்கிருந்து எங்க போறீங்க, மேடம்?"

"கோடியாக்."

மரிசோல் திரையில் தேடினாள். வீடு, ஹோட்டல், இன்னொரு தோட்டம் என்று மூன்றுதான் இருக்கின்றன, 'மற்றவை' என்று போட்டுக்கொள்ளட்டுமா என்றாள். போட்டுக்கொண்டாள். பிறகு மூச்சு வாங்க வந்து நின்றவனைப் பார்த்தாள்.

"நீங்களும் அங்கதானா, சார்?"

மூன்று வாரமாக வீட்டில் சுற்றிக்கொண்டிருந்த கேள்வி. பலகைக் கணினியோடு ஒரு பெண், தலையைக்கூட நிமிர்த்தாமல் அதைக் கேட்டுவிட்டாள். அவளுடைய விரல் திரைமேல் காத்துக்கொண்டிருந்தது. மெல்வினின் மண்டைக்குள் மழை நாட்கள் வந்து நின்றன, இருட்டு வந்தது, கரடிகள் வந்தன, ஒவ்வொன்றும் தன்தன் கட்டத்தில் ஒழுங்காக. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. கோரினைப் பார்த்தான்.

"ஆமா. அங்கதான்."

கோரின் திரும்பினாள். "எதுக்கு வர்றே?"

"தெரியல."

"அங்க வந்து என்ன பண்ணுவே?"

"தெரியல."

"மழை?"

"அது தெரியும். ரொம்பப் பெய்யும்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்படியும் அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. காலையில் அந்த இளைஞன் முன்னால் சிரித்தது போல் இல்லை. கவுண்டரைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தாள். சிரிப்பு நடுவில் அழுகையாகி மறுபடி சிரிப்பாயிற்று. மெல்வினுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. காகிதத் துண்டை மூக்கைத் துடைத்துக்கொள்ளக் கொடுத்தான்.

மரிசோலுக்குத்தான் சங்கடம். போகும் காரணங்களில் 'தெரியல' என்று ஒன்று கிடையாது. காரணம் இல்லாமல் இந்தப் பள்ளத்தாக்கை விட்டு யாரையும் அனுப்பியதில்லை. இயக்குநரைக் கூப்பிட்டாள்.

பெத்தனி வந்தாள். என்ன நடந்தது என்று மரிசோல் சொல்லச் சொல்லக் கேட்டாள். 'தெரியல' வந்த இடத்தை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். கோரின் கண்ணைத் துடைப்பதைப் பார்த்தாள். அவளுடைய கண்ணும் கலங்கியிருந்தது. பொய்க் கலக்கம் இல்லை.

"நான் இந்தப் பதவிக்கு வந்தப்புறம் இங்க நடந்த முதல் திடீர் நிகழ்வு இதுதான்" என்றாள். "எனக்கு எப்படிச் சொல்றதுன்னே தெரியல. இதை மறுபடி ஒரு தடவை பண்ண முடியுமா? அடுத்த குழு இப்ப வந்துடும். சார், நீங்க அங்கதான்னு சொல்றதுக்கு முன்னாடி மேடத்தை ஒரு பார்வை பாத்தீங்களே, அதை அப்படியே வச்சுக்கலாம். மழை மட்டும் வேணாம். கேக்கிறவங்க மனசு மழைப் பக்கம் போயிடும்."

அவர்கள் காரை நோக்கி நடந்தார்கள். நல்ல தம்பதிகள், யோசித்துச் சொல்வார்கள் என்று பெத்தனி மரிசோலிடம் சொல்வது கேட்டது.

காரில் ஏறியதும் கோரின் போனை எடுத்தாள். சனிக்கிழமை, அங்கே யாரும் இருக்கமாட்டார்கள் என்று மெல்வின் சொல்ல வாயெடுத்தான், சொல்லவில்லை. மணி அடித்து அடித்து ஒரு பதிவுக் குரல் வந்தது. அது பேசி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"கோரின் தோர்ப் பேசறேன். அந்த வீடு விஷயம். ரெண்டு பேருக்கு."

போனை மடியில் வைத்துவிட்டு ஜன்னலை இறக்கினாள். புளித்த காற்று உள்ளே வந்தது. மெல்வின் சாவியைத் திருகப் போனான். அப்போது கவுண்டர் பக்கம் கண் போயிற்று. அவன் நின்ற இடத்தில் ஜாஸ்பர் நின்றுகொண்டிருந்தான். கோரின் நின்ற இடத்தில், கையில் ஊதாச் சாயத்தோடு உரிமையாளர். மரிசோல் கேட்டாள். ஜாஸ்பர் பதில் சொன்னான். பெத்தனி தலையை அசைத்து, இன்னும் கொஞ்சம் தயங்கு என்பது போல் கையைக் காட்டினாள். மரிசோல் மறுபடி கேட்டாள். ஜாஸ்பர் தயங்கினான், தயங்கினான், தயங்கிக்கொண்டே இருந்தான்.

அவ்வளவு நேரம் கூடாது. பார்க்கிறவனுக்கு அலுத்துவிடும். மெல்வினின் கை சாவியை விட்டுக் கதவுப் பிடிக்குப் போனது.

கோரின் அவனைப் பார்த்தாள்.

கையை எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.